அணுவும் நான்கு எண்களும்

திருத்தணி என்றவுடன் தமிழ் மக்கள் நெஞ்சில் முதலில் தோன்றுவது முருகப் பெருமான் எழுந்தருளியுள்ள குன்று. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் புறத்தில் அமைந்த ஊர் இது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இவ்வூருக்கு மற்றுமொரு பெருமை உண்டு. தத்துவப் பேராசிரியராக வாழ்வைத் தொடங்கி, நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் இத்திருத்தணிப் பகுதியிலே பிறந்தார். 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கலானார்.

தத்துவ அறிஞர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த வினா ஒன்று உண்டு. ஒன்று பலவாவது எவ்வாறு? இவ்வினாவிற்குத் தத்துவம் தந்த விடைகளைப் பற்றிப் பேச நான் தகுதியுடையவன் அல்லேன். நான் இவ்வூரில் மாணவர்களுக்குப் பௌதிகம் கற்பிப்பவன். ஆயினும் அதே வினாவை அணுவை முன்னிறுத்திக் கேட்டால், பௌதிகம் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது. அவ்விடை பிறந்த வரலாற்றில், இராதாகிருஷ்ணன் பணியாற்றிய அதே மாநிலக் கல்லூரிக்கும் ஓர் இடம் உண்டு. அவ்வரலாற்றைத்தான் இன்று கூற எண்ணுகிறேன்.

வினாவைச் சற்று விரித்துரைப்போம். இன்று நாம் அறிந்த தனிமங்கள் 118. தங்கம் துருப்பிடிப்பதில்லை; இரும்பு துருப்பிடிக்கிறது. சோடியத்தைத் தண்ணீரில் இட்டால் சீறி எரிகிறது. நியானோ எதனோடும் சேராமல் தனித்திருக்கிறது. குணத்தால் இத்துணை வேறுபட்ட இவை அனைத்தும் எவற்றால் ஆனவை? புரோட்டான், நியூட்ரான், எலெக்ட்ரான் என்னும் மூன்றே துகள்களால் ஆனவை. தங்கத்தில் உள்ள எலெக்ட்ரானுக்கும் தகரத்தில் உள்ள எலெக்ட்ரானுக்கும் அணுவளவும் வேற்றுமை இல்லை. பத்து எலெக்ட்ரான்கள் உள்ள அணு நியான். பதினோரு எலெக்ட்ரான்கள் உள்ள அணு சோடியம். ஒன்றே ஒன்று கூடியதற்காக, துறவியைப் போல் இருந்த அணு இவ்வாறு துடிப்பு மிக்கதாய் மாறுவானேன்?

இதற்கு விடை எலெக்ட்ரான்களின் அடுக்குமுறையில் இருக்கிறது. அந்த அடுக்குமுறையை வகுப்பவை நான்கு எண்கள். அவற்றைக் குவாண்டம் எண்கள் என்பர். இந்நான்கும் ஒரே நாளில் ஒருவர் கண்டவை அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக, பல நாட்டு அறிஞர்களின் உழைப்பால் கிடைத்தவை.

அணுவினுள்ளே என்ன நடக்கிறது என்பதை நமக்கு முதலில் உரைத்தது ஒளி. அடுக்களையில் நீல நிறமாக எரியும் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால், அது உடனே மஞ்சளாகிறது. அந்த மஞ்சள் ஒளி உப்பிலுள்ள சோடியத்தினுடையது. அதை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே பிரித்துப் பார்த்தால், வானவில் போல் எல்லா நிறமும் தெரிவதில்லை. மஞ்சள் பகுதியில் இரண்டு கோடுகள் நெருங்கி நிற்கக் காணலாம். ஒவ்வொரு தனிமத்திற்கும் இத்தகைய கோடுகள் தனித்தனியே உண்டு. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ அப்படித் தனிமத்திற்கு நிறமாலைக் கோடுகள் என்று கொள்ளலாம்.

இக்கோடுகளின் வரலாற்றில் நமக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரும் இடம்பெற்றிருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று ஏற்பட்டது. அதைக் காண்பதற்காக ஜான்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் நமக்கு வடக்கே ஆந்திர நாட்டிலுள்ள குண்டூருக்கு வந்து முகாமிட்டார். சூரியனின் விளிம்பில் எழுந்த தீச்சுடர்களின் ஒளியில் பளிச்சென்ற கோடுகளைக் கண்டார். அவ்வாண்டு அறிஞர்கள் அச்சுடர்களிற் கண்ட மஞ்சள் கோடு ஒன்று, சோடியத்தின் கோடுகளோடு பொருந்தவில்லை. இங்கிலாந்தில் லாக்கியர் என்பவர், இது பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்தின் கோடு என்று துணிந்தார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. அத்தனிமம் பூமியில் அகப்பட்டது 1895ஆம் ஆண்டில்தான்.

கோடுகள் கிடைத்தன, அவற்றின் பொருள் கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருந்த பால்மர், 1885இல் ஹைட்ரஜனின் நான்கு கோடுகளை ஆராய்ந்து, அவற்றின் அலைநீளங்கள் எளியதொரு கணக்கு வாய்பாட்டிற்கு அடங்குவதைக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 60. அவ்வாய்பாட்டில் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்னும் முழு எண்கள் வந்தன. ஏன் முழு எண்கள் வரவேண்டும் என்பதை அவராலும் கூற இயலவில்லை. பிறராலும் கூற இயலவில்லை.

1911இல் ரதர்போர்டு, அணுவின் நடுவே மிகச் சிறிய கரு ஒன்று இருப்பதைக் கண்டறிந்தார். எலெக்ட்ரான்கள் அக்கருவைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. உடனே ஒரு பெரும் இடர் தோன்றியது. சுற்றி வரும் மின்னூட்டம் ஒளியை வீசிக்கொண்டே ஆற்றலை இழக்கும் என்பது பழைய பௌதிகத்தின் முடிவு. அப்படியானால் எலெக்ட்ரான் கண் இமைக்கும் நேரத்திற்குள் கருவில் வீழ்ந்துவிட வேண்டும். அணு என்பதே நிலைத்திருக்க முடியாது. ஆனால் உலகம் நிலைத்திருக்கிறது அன்றோ?

1913இல் டென்மார்க் நாட்டு இளைஞர் நீல்ஸ் போர் இதற்கு ஒரு வழி கூறினார். அவர் கருத்தை விளக்கத் திருத்தணிக் குன்றைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. நம் குன்றுக்கு 365 படிகள். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக இப்படிகளைக் கருதி, டிசம்பர் இறுதி நாளில் படித்திருவிழா கொண்டாடுகிறோம். படி ஏறும் அடியவர் பத்தாம் படியில் நிற்கலாம். பதினொன்றாம் படியில் நிற்கலாம். பத்தரையாம் படி என்று ஒன்று இல்லை. அணுவிலும் அவ்வாறே எலெக்ட்ரான் நிற்பதற்கு உரிய ஆற்றல் படிகள் உண்டு என்றும், இடையே நிற்க இடமில்லை என்றும் போர் கூறினார். மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது, இரண்டு படிகளுக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு ஒளியாக வெளிப்படுகிறது. மிகக் கீழ்ப்படியை அடைந்த எலெக்ட்ரான் அதற்குமேல் இறங்க வழியில்லை. ஆகவே அணு நிலைக்கிறது.

உவமை எங்கே முடிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குன்றின் படிகள் ஏறக்குறைய ஒரே உயரம் உள்ளவை. அணுவின் படிகளோ மேலே போகப் போக நெருங்குகின்றன. ஹைட்ரஜனில் முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே 10.2 எலெக்ட்ரான் வோல்ட் வேறுபாடு; இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே 1.9, மூன்றுக்கும் நான்குக்கும் இடையே 0.66. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கினால் சிவப்புக் கோடு. நான்கிலிருந்து இரண்டிற்கு இறங்கினால் நீலப்பச்சைக் கோடு. பால்மரின் முழு எண்கள் யாவை என்பது இப்போது விளங்கிவிட்டது. அவை படிகளின் எண்கள். இந்தப் படி எண்தான் முதல் எண். இதை முதன்மைக் குவாண்டம் எண் என்பர்.

ஒரே எண் போதவில்லை. கோடுகளை நுணுகி நோக்கிய பொழுது, ஒற்றைக் கோடு எனக் கருதியது பல மெல்லிய கோடுகளின் தொகுதியாக இருந்தது. ஜெர்மனியில் மூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்னால்டு சாமர்பெல்டு 1915, 1916ஆம் ஆண்டுகளில் இதை ஆராய்ந்தார். எலெக்ட்ரானின் பாதை வட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நீள்வட்டமாகவும் இருக்கலாம் என்றார். பாதையின் வடிவைக் குறிக்க இரண்டாம் எண் வந்தது. காந்தப் புலத்தில் அப்பாதை எத்திசையில் சாய்ந்து நிற்கிறது என்பதைக் குறிக்க மூன்றாம் எண் வந்தது. திசைகூட எண்ணிக்கைக்கு உட்பட்டதா என்று பலர் ஐயுற்றனர். 1922இல் பிராங்பர்ட் நகரில் ஸ்டெர்ன், கெர்லாக் என்னும் இருவர் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப் புலத்தின் வழியே செலுத்தினர். கற்றை பரவலாக விரியாமல் இரண்டாகப் பிளந்தது. காந்தப் புலத்தில் அணு எல்லாத் திசைகளிலும் நிற்பதில்லை என்பதற்குக் கண்கூடான சான்று கிடைத்தது.

ஆனால் ஏன் இரண்டு? அந்த இரண்டுக்கு மூன்று எண்களிலும் விடை இல்லை. உப்புச் சுடரின் மஞ்சள் கோடு இரட்டையாக இருப்பதற்கும் விடை இல்லை. சாமர்பெல்டின் மாணவராக இருந்த வுல்ப்காங் பவுலி, 1925இல் இரண்டே மதிப்புகளை ஏற்கும் நான்காம் எண் ஒன்று வேண்டும் என்றார். அதனோடு ஒரு விதியையும் கூறினார். ஓர் அணுவில் எந்த இரண்டு எலெக்ட்ரான்களுக்கும் இந்நான்கு எண்களும் ஒருங்கே ஒத்திருத்தல் ஆகாது. இதுவே பவுலியின் தவிர்ப்புத் தத்துவம்.

நான்காம் எண்ணின் பொருளைக் கண்டவர்கள் ஹாலந்தில் லைடன் நகரத்து இளைஞர்களாகிய உலன்பெக், கௌட்ஸ்மிட் என்பவர்கள். எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு. அதற்கு இரண்டே நிலைகள் என்று அவர்கள் 1925இல் எழுதினர். மூத்த அறிஞர் லாரன்ஸ் தடைகள் கூறியபோது கட்டுரையைத் திரும்பப் பெற விரும்பினர். ஆனால் அவர்களுடைய ஆசிரியர் எரன்பெஸ்ட் அதை முன்னரே அனுப்பிவிட்டார். இதே கருத்து அதற்குச் சில திங்கள் முன்பே கிரோனிக் என்னும் இளைஞருக்குத் தோன்றியது. பவுலி அதை ஏற்காமல் எள்ளினார். கிரோனிக் வெளியிடாமல் விட்டுவிட்டார். விதியைக் கண்ட பெரியவரே அதன் அடுத்த படியைக் காணத் தவறினார் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். இத்தகைய நிகழ்ச்சி ஒன்று இக்கதையில் மீண்டும் வரும்.

இப்போது கணக்கிற்கு வருவோம். கடிதத்தின் மேலுறையில் ஊர், தெரு, வீடு, ஆள் என்று நான்கும் எழுதுகிறோம். எலெக்ட்ரானின் முகவரியும் நான்கு உறுப்புடையது. முதல் எண் ஒன்று, இரண்டு, மூன்று என வளரும். இரண்டாம் எண் சுழியிலிருந்து தொடங்கி, முதல் எண்ணுக்கு ஒன்று குறைவான எண்வரை வரலாம். இவ்வகைகளை எஸ், பி, டி, எப் என்னும் எழுத்துகளால் வழங்குவர். மூன்றாம் எண்ணைப் பொறுத்து, எஸ் வகையில் ஓர் இடம். பி வகையில் மூன்று. டி வகையில் ஐந்து. எப் வகையில் ஏழு. நான்காம் எண்ணுக்கு இரண்டே மதிப்புகள். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எலெக்ட்ரான்கள் தங்கலாம்.

முதற்படியில் எஸ் மட்டும் உண்டு. அங்கே இரண்டு எலெக்ட்ரான்கள். இரண்டாம் படியில் எஸ்ஸில் இரண்டும் பியில் ஆறும் சேர்ந்து எட்டு. மூன்றாம் படியில் இரண்டு, ஆறு, பத்து எனப் பதினெட்டு. நான்காம் படியில் மேலும் பதினான்கு சேர்ந்து முப்பத்திரண்டு. 2, 8, 18, 32 என்னும் இவ்வெண்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தால் போதும்.

தொடக்கத்தில் கேட்ட வினாவிற்கு இப்போது விடை கூறலாம். நியானின் பத்து எலெக்ட்ரான்கள் முதற்படியில் இரண்டும் இரண்டாம் படியில் எட்டுமாக அமைந்து, இடமெல்லாம் நிறைந்துவிட்டன. சோடியத்தின் பதினோராவது எலெக்ட்ரானுக்கு அங்கே இடமில்லை; மூன்றாம் படிக்குப் போயாக வேண்டும். அது கருவிலிருந்து விலகித் தனியே நிற்பதால் எளிதிற் பிரிந்துபோகிறது. குளோரினுக்கு 17 எலெக்ட்ரான்கள், வெளிப்படியில் ஏழு, எட்டாவதற்கு ஓர் இடம் காலி. சோடியம் விட்டுக்கொடுத்ததைக் குளோரின் பெற்றுக்கொள்கிறது. விளைவு நாம் உண்ணும் உப்பு.

ஒரே ஆற்றலுடைய இடங்கள் பல இருக்கும்போது எலெக்ட்ரான்கள் என்ன செய்கின்றன? பேருந்தில் ஏறுவோரைப் பாருங்கள். இருவர் அமரும் இருக்கைகள் பல காலியாக இருந்தால், ஒவ்வொருவரும் தனித்தனி இருக்கையையே நாடுவர்; தனி இருக்கை தீர்ந்தபின்தான் பிறர் அருகில் அமர்வர். எலெக்ட்ரான்களும் அப்படியே. இதனை ஹூண்ட் விதி என்பர். ஆக்சிஜன் மூலக்கூறில் இவ்வாறு துணையின்றித் தனித்திருக்கும் எலெக்ட்ரான்கள் இரண்டு. ஆதலால் திரவ ஆக்சிஜனைக் காந்தத்தின் முனைகளுக்கிடையே ஊற்றினால், அது கீழே வழியாமல் அங்கேயே தங்கி நிற்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மூன்றாம் படியின் டி இடங்கள் நிறைவதற்கு முன்பே, பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலெக்ட்ரான் நான்காம் படியின் எஸ் இடத்தில் அமர்கிறது. எஸ் எலெக்ட்ரான் உள்ளடுக்குகளை ஊடுருவிக் கருவை அணுகவல்லது. அதனால் அங்கே அதன் ஆற்றல் குறைகிறது. இந்த வரிசைப்படி எண்ணினால், தனிம அட்டவணையின் கிடை வரிசைகளில் முறையே 2, 8, 8, 18, 18, 32, 32 தனிமங்கள் அமையும். கூட்டிப் பாருங்கள், 118 வரும். ஏழாம் வரிசையின் இறுதித் தனிமமாகிய ஓகனெஸ்ஸான் 2016இல் பெயர் பெற்றது. ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1869இல் தனிமங்களின் அணு எடைகளையும் குணங்களையும் கொண்டு வகுத்த அட்டவணைக்கு, எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை இவ்வாறு காரணம் காட்டுகிறது.

கணக்கு உண்மை என்பதற்குச் சோதனையும் நடந்தது. 72ஆம் தனிமம் அன்று அறியப்படாதிருந்தது. அது அருமண் தனிமங்களுள் ஒன்று என்று பலர் கருதினர். போர் தம் படிக்கணக்கைக் கொண்டு, அருமண் வரிசை 71உடன் முடிகிறது. 72ஆம் தனிமம் சிர்கோனியத்தைப் போன்றது என்றார். கோப்பன்ஹேகனில் காஸ்டர், ஹெவெசி என்னும் இருவரும் சிர்கோனியத் தாதுக்களிலேயே தேடினர். 1923இல் கண்டறிந்து வெளியிட்டனர். ஹாஃப்னியம் என்று அதற்குப் பெயர். தாளில் போட்ட கணக்கு மண்ணில் புதைந்திருந்த பொருளைக் காட்டிக்கொடுத்தது.

1925, 1926ஆம் ஆண்டுகளில் ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் புதிய குவாண்டம் இயக்கவியலைப் படைத்தனர். எலெக்ட்ரான் கோளைப்போல் ஒரு பாதையில் சுற்றுகிறது என்னும் படம் மறைந்தது. இன்ன இடத்தில் அது காணப்படுவதற்கு இத்துணை வாய்ப்பு என்று கூறும் மேகம் போன்ற வடிவங்கள் வந்தன. ஆயினும் முழு எண்கள் மறையவில்லை. முன்பு அவற்றை விதியாக வகுத்துக்கொண்டனர். இப்போது அவை சமன்பாட்டிலிருந்து தாமாகவே பிறந்தன.

ஐரோப்பாவில் நிகழ்ந்த இம்மாற்றம் சென்னைக்கு எவ்வாறு வந்தது? இங்கேதான் மாநிலக் கல்லூரி வருகிறது. 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில், உலகப் பயணம் புறப்பட்ட சாமர்பெல்டு சென்னைக்கு வந்து அக்கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். இரண்டாம், மூன்றாம் எண்களைத் தந்த அந்தப் பேராசிரியரே நேரில் வந்தார். நோபெல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அதைப் பெறாதவர். ஆனால் பவுலி, ஹைசன்பர்க் போன்ற மாணவர்களை உலகுக்கு அளித்தவர். கேட்டவர்களுள் சுப்பிரமணியன் சந்திரசேகர் என்னும் மாணவரும் இருந்தார். 1910 அக்டோபரில் லாகூரில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று, மாநிலக் கல்லூரியில் பௌதிகம் கற்றுக்கொண்டிருந்தவர். சர் சி. வி. இராமனின் தமையனார் மகன்.

சந்திரசேகர் சாமர்பெல்டின் ‘அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும்’ என்னும் நூலை முன்பே பயின்று தேர்ந்திருந்தார். சொற்பொழிவுக்கு மறுநாள் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று கண்டார். நூலை முழுவதும் படித்திருப்பதாகக் கூறினார். சாமர்பெல்டு கூறிய விடை அவரைத் திகைக்க வைத்தது. அந்நூல் அச்சானபின் பௌதிகமே மாறிவிட்டது என்றார் நூலாசிரியர். ஷ்ரோடிங்கரின் இயக்கவியலையும், பவுலியின் விதியிலிருந்து பெர்மியும் டிராக்கும் 1926இல் வகுத்த புதிய புள்ளியியலையும் எடுத்துரைத்தார். உலோகங்களில் உள்ள எலெக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியை நான் வகுப்பில் அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு. கற்றுத் தேர்ந்த நூல் பழையதாகிவிட்டது என்று அதன் ஆசிரியரே கூறினால், மாணவன் மனம் என்ன பாடுபடும்? பலர் சோர்ந்துவிடுவர். சந்திரசேகர் சோரவில்லை. கையிற் கிடைத்த கட்டுரையை வைத்துக்கொண்டு, சில திங்களுக்குள் புதிய புள்ளியியலை வேறொரு சிக்கலில் பயன்படுத்தித் தாமே ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பௌலரின் வாயிலாக அது 1929இல் இலண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. பவுலியின் விதி தோன்றி நான்கே ஆண்டுகள். அதற்குள் சென்னைக் கல்லூரி மாணவர் ஒருவர் அதன் எல்லையில் நின்று ஆராய்ச்சி செய்தார்.

1930 ஜூலை இறுதியில், தம் 19ஆம் வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயில் கப்பல் ஏறினார். கடற்பயணத்தின்போது வெண்குறளி எனப்படும் விண்மீன்களைப் பற்றிச் சிந்தித்தார். இவை எரிபொருள் தீர்ந்து சுருங்கிய மீன்கள். சிரியஸ் என்னும் மீனின் துணைமீன் இவ்வகையைச் சேர்ந்தது. சூரியனை ஒத்த நிறை, ஆனால் பருமன் பூமியின் அளவே. தன் எடையால் இன்னும் சுருங்காமல் இதைத் தாங்கி நிற்பது எது? பவுலியின் விதிதான் என்று பௌலர் 1926இல் காட்டியிருந்தார். எலெக்ட்ரான்களை எவ்வளவு நெருக்கினாலும், இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க ஒப்புவதில்லை. கீழ்ப்படிகள் நிறைந்தபின், மற்றவை மேலும் மேலும் வேகமிக்க நிலைகளுக்குச் செல்கின்றன. அந்த வேகமே அழுத்தமாகி மீனைத் தாங்குகிறது. உப்பிலே சோடியத்தின் கடைசி எலெக்ட்ரானை வெளியே நிறுத்திய அதே விதி, வானத்திலே ஒரு மீனையே தாங்கி நிற்கிறது!

அத்தகைய வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குமே என்பதைச் சந்திரசேகர் கவனித்தார். ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்துக் கணக்கிட்டார். ஒரு வரம்புக்கு மேற்பட்ட நிறையை இந்த அழுத்தத்தால் தாங்க முடியாது என்ற முடிவு கிடைத்தது. அவ்வரம்பு சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்ட மீன் வெண்குறளியாக நின்றுவிட முடியாது. மேலும் சுருங்கியே தீரவேண்டும்.

1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டனில் ராயல் வானியல் சங்கத்தில் அவர் இம்முடிவை எடுத்துரைத்தார். அவரையடுத்து எழுந்தவர், அக்காலத்து விண்மீன் ஆராய்ச்சியில் தலைசிறந்தவராக விளங்கிய எடிங்டன். மீன் ஒன்று முடிவின்றிச் சுருங்கும் என்பது நகைப்புக்குரியது என்றார், அவையினரும் நகைத்தனர். பவுலி, போர் முதலியோர் சந்திரசேகர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தனிப்பட்ட முறையில் ஒப்பினர். வெளிப்பட உரைக்க முன்வரவில்லை. முன்பு கிரோனிக்குக்கு நேர்ந்தது போன்ற சோதனை இது. ஆனால் சந்திரசேகர் தம் கருத்தை மறைத்துவிடவில்லை. பூசலிட்டுக் காலத்தைக் கழிக்கவும் இல்லை. கணக்கையெல்லாம் விண்மீன் அமைப்பு பற்றி 1939இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டிவிட்டு, வேறு துறைகளுக்குச் சென்றார். 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவருக்கு, 1983இல் நோபெல் பரிசு கிடைத்தது. நியூட்ரான் மீன்களும் கருந்துளைகளும் உண்டென்பதை இன்று வானியலார் ஐயமின்றி ஏற்கின்றனர். சந்திரசேகர் வரம்பு என்ற பெயரோடு அவ்வெண் பாடநூல்களில் நிற்கிறது. 1995இல் அவர் மறைந்தார்.

பவுலியின் விதி இல்லாதிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எல்லா எலெக்ட்ரான்களும் கீழ்ப்படியிலேயே குவிந்திருக்கும். தனிமங்களுக்குள் இன்று காணும் குண வேறுபாடுகள் இரா. கல்லுக்குத் திண்மை இராது. பருப்பொருள் தன் பருமனைக் காத்து நிற்பதற்கு இவ்விதி இன்றியமையாதது என்பதை டைசன், லெனார்டு என்னும் இருவர் 1967இல் கணித முறைப்படி மெய்ப்பித்தனர். ஒன்று பலவாவது எவ்வாறு என்னும் வினாவிற்குப் பௌதிகம் தரும் விடை இதுதான். எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒரே இயல்பின. ஆனால் ஒன்று நிற்கும் நிலையில் மற்றொன்று நிற்பதில்லை. அதனாலேயே அடுக்கு உண்டாகிறது. அடுக்கினால் வேற்றுமை உண்டாகிறது. வேற்றுமையால் உலகம் உண்டாகிறது.

மாணவ நண்பர்களே! நான்கு எண்களையும் தேர்வுக்காக உருப்போடுவது கடினம்; பொருளறிந்து எண்ணுவது எளிது. ஒரு தாளை எடுத்து, ஹைட்ரஜன் தொடங்கி ஆர்கான் முடியப் பதினெட்டுத் தனிமங்களுக்கும் எலெக்ட்ரான்களின் முகவரிகளை நீங்களே எழுதிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். பால்மர் 60ஆம் வயதில் தேடியதும், சந்திரசேகர் 18ஆம் வயதில் சாமர்பெல்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் உங்கள் கைக்கு அடக்கமாக வந்து சேரும். நீங்கள் படிக்கும் நூலும் ஒருநாள் பழையதாகலாம். அன்று புதியதைக் கேட்டறியும் ஆர்வமும், சரியென்று கண்ட கணக்கைப் பெரியோர் நகைத்தாலும் கைவிடாத உறுதியும் உங்களிடம் இருக்குமானால், இக்கதையின் அடுத்த அதிகாரத்தை நீங்களும் எழுதலாம்.